கோட்டிங்கனில் 10 மாதம் வருகை ஆய்வாளர், கூடவே எக்ஸ்சேஞ்ச் மாணவி: எதை முதலில் முடிக்கணும்?

வைகைக்கரை

வணக்கம். மதுரையில் பிஎச்டி செய்கிறேன். வரும் அக்டோபரிலிருந்து 10 மாதம் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வருகை ஆய்வாளர். மாதம் 1,300 யூரோ உதவித்தொகை, சம்பளம் கிடையாது. எங்கள் துறை எம்எஸ்சி மாணவி ஒருத்தியும் அதே ஊருக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் வருகிறாள். அவளுக்கு உதவித்தொகை இல்லை. "ரெண்டு பேருக்கும் நடைமுறை ஒண்ணுதான், டிராவல் இன்சூரன்ஸ் போதும்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? ப்ளாக்ட் அக்கவுன்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் கணக்கு) இருவருக்குமே வேண்டுமா? போய் இறங்கியதும் எந்த ஆபீஸுக்கு முதலில் போகணும்? இன்னொன்று, என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி.

நெக்கர்வாசி

ஒண்ணு கிடையாது. பதிவு செய்த மாணவர், வேலை ஒப்பந்தம் உள்ளவர், உதவித்தொகையில் வந்த விருந்தினர் என்று அங்கே மூன்று வகை. விசா, இன்சூரன்ஸ், வரி எல்லாம் அதை வைத்துத்தான் பிரியும். அழைப்புக் கடிதத்தில் நீங்கள் எந்த வகை என்று தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாணவிக்கு 30 வயது ஆகவில்லை என்றால் பொதுக் காப்பீடு கட்டாயம், மாதம் ஏறக்குறைய 140 முதல் 150 யூரோ. பாலிசி பேப்பரைக் கொண்டுபோய் நீட்டினால் பல்கலைக்கழகம் வாங்காது. காப்பீட்டு நிறுவனம் நேரடியாக, மின்னணு முறையில் தகவல் அனுப்பணும். அது போய்ச் சேரும்வரை அட்மிஷன் பதிவு முடியாது. தனியார் பாலிசி எடுத்துக்கொண்டு விலக்கு கேட்டாலும் அந்தத் தகவலைப் பொதுக் காப்பீட்டு நிறுவனம்தான் அனுப்பும். விலக்கு வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப வழியில்லை என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் உதவித்தொகை சம்பளக் கணக்கில் வராது, அதனால் கட்டாயக் காப்பீட்டுக்குள் வரமாட்டீர்கள். பிஎச்டி மாணவர் என்று அங்கே பதிவு செய்துகொண்டாலும் மாணவர் கட்டணம் கிடைக்காது. ஆக, தனியார் பாலிசிதான். ஏஜென்ட் சொல்லும் டிராவல் இன்சூரன்ஸில் சிக்கல் இங்கேதான்: அதைக் காட்டி விசா கிடைத்துவிடலாம், ஆனால் பிறகு வதிவிட அனுமதி கேட்கும்போது வெளிநாட்டவர் அலுவலகம் நிராகரிக்கும். ஏற்கெனவே உள்ள நோய், பல் சிகிச்சை, பிரசவம் இவற்றை ஒதுக்கியிருக்கிறதா, செலவுக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறதா என்று நிபந்தனைகளைப் படியுங்கள். அலுவலகத்தில் கேட்பதும் இதையேதான்.

விசா விண்ணப்பத்தில் தங்கும் காலம் முழுவதையும் குறிப்பிட்டு, 10 மாதத்துக்கும் விசா தர முடியுமா என்று கேளுங்கள். தேசிய விசாவை ஓராண்டு வரை கொடுக்க இடமிருக்கிறது. கிடைத்தால் வெளிநாட்டவர் அலுவலகப் பக்கமே போக வேண்டியதில்லை. 3 அல்லது 6 மாதத்துக்குத் தந்தால், அது முடிவதற்குள் அங்கே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாகணும். அட்டை வரும்வரை ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். இடையில் ஊருக்கு வந்து திரும்பும் எண்ணம் இருந்தால், அதில் ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவுக்கான கட்டம் டிக் ஆகியிருக்கணும். 3ஆம் உட்பிரிவு என்றால் அதைக் காட்டித் திரும்ப உள்ளே வர முடியாது.

குமரிமுனை

பணத்தைப் பற்றி. மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டணும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து உள்ள கணக்கு. விண்ணப்பிக்கும் நாளில் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் 1,300 அதைத் தாண்டுவதால் உங்களுக்கு ப்ளாக்ட் அக்கவுன்ட் தேவைப்படாது. மாதத் தொகையும் தொடக்க, முடிவுத் தேதிகளும் உள்ள உதவித்தொகைக் கடிதம் போதும். மாணவிக்கு 6 மாதம் என்றால் 5,952 யூரோ.

அதைச் சில்லறை சுத்தமாகக் கணக்குப் பார்த்து அனுப்பாதீர்கள். இடையிலுள்ள வங்கி கமிஷன் பிடித்து, 10 யூரோ குறைந்தாலும் உறுதிக் கடிதம் வராது, விசா அப்பாயின்ட்மென்ட் கையைவிட்டுப் போகும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நம் வங்கியில் தரும் ஏ2 படிவம் நிரப்பும்போது எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருக்கே என்று குறிப்பிட்டு, கூடவே கொஞ்சம் சேர்த்தும் அனுப்பச் சொல்லுங்கள். மிச்சம் எங்கும் போகாது.

ப்ளாக்ட் அக்கவுன்டில் இருப்பது இறங்கிய அன்றே கைக்கு வராது. அங்கே சாதாரண வங்கிக் கணக்கு ஒன்று திறந்த பிறகுதான் மாதாமாதம் 992 அதற்குள் வரும். முதல் மாதச் செலவோ இரட்டிப்பு. வாடகை முன்பணம் ஹீட்டிங், தண்ணீர் சேராத வெறும் வாடகையைப் போல மூன்று மடங்கு வரை கேட்க சட்டம் அனுமதிக்கிறது. 350 யூரோ அறைக்கு அதுவே 1,050, அதோடு முதல் மாத வாடகை. முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. பலர் கேட்பதே இல்லை. அறையைப் பார்ப்பதற்கு முன்பே முன்பணம் அனுப்பச் சொல்லி, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவி கூரியரில் வரும்" என்று யார் எழுதினாலும் அது மோசடி.

யாழ்_டோர்ட்மூண்ட்

வைகைக்கரை, ஜேர்மனியில் முதல் வேலை முகவரிப் பதிவு. ஆன்மெல்டுங் என்று சொல்வார்கள். குடிபோய் இரண்டு கிழமைக்குள், அதாவது 14 நாளுக்குள் செய்ய வேண்டும். வங்கி, வரி இலக்கம், வதிவிட அனுமதி எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங் என்ற தனிப் படிவம் வேண்டும். அறை எடுக்க முதலே "பதிவு செய்ய விடுவீர்களா" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் அந்த அறை வேண்டாம். நேர ஒதுக்கீட்டை ஊரில் இருந்தே இணையத்தில் எடுத்து வையுங்கள். ஒக்டோபர் 3 பொது விடுமுறை, அதோடு செமஸ்டர் தொடக்கக் கூட்டம் வேறு. இடம் இல்லையென்றால் விடியக்காலை திரும்பப் பாருங்கள், ரத்தான இடங்கள் வரும்.

பதிவுப் படிவத்தில் சமயமும் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று பதிந்து சம்பளமும் வாங்கினால், வருமான வரியில் 9 வீதம் தேவாலய வரி பிடிப்பார்கள்; பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் 8. வரியில்லாத உதவித்தொகைக்கு அது இல்லை.

அடுத்தது தபால்பெட்டி. எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால், முகவரி சரியாக இருந்தாலும் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி இலக்கம், வங்கி அட்டை, அதன் இரகசிய எண் மூன்றும் தனித்தனிக் கடிதமாகத் தபாலில்தான் வரும். இன்னொருவர் வீட்டில் அறை எடுத்தால், அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை ஒரு துண்டில் எழுதி அன்றைக்கே ஒட்டுங்கள்.

பதிந்த பின் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வரும். வீட்டில் தொலைக்காட்சி இல்லையென்றாலும் வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய இலக்கத்தைக் கேட்டு எழுதிப் போடுங்கள், முடிந்தது. பதில் போடாமல் விட்டால் பதிந்த நாளில் இருந்து சேர்த்துக் கேட்பார்கள்.

செமினார் ஹால்

மாணவிக்கு: வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் தேர்வு எழுத முடியாது. தேர்வுக்கு ஆன்லைனில் தனியாகப் பதிய வேண்டும், அதற்குக் கெடு தேதியும் தனி. தவறவிட்டால் கிரெடிட் இல்லை, ஊரில் பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதுதான். குளிர்கால செமஸ்டர் ஏட்டில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை; வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். சில தேர்வுகள் அதற்குப் பிறகும் வரும் என்பதால் பேராசிரியரிடம் தேதி கேட்காமல் ரிட்டர்ன் டிக்கெட் போட வேண்டாம். மதிப்பெண் தலைகீழ்: 1.0 உயர்ந்தது, 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நேரத்துக்குப் பக்கத்தில் c.t. என்று இரண்டு எழுத்து இருந்தால் கால் மணி கழித்துத் தொடக்கம் என்று பொருள்.

நெக்கர்வாசி

சர்நேம் கேள்வி விட்டுப்போச்சு. ஜெர்மன் படிவங்கள் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஒரு இடத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்திலும், இன்னொரு இடத்தில் அப்பா பெயரைப் பிரித்தும் போட்டால், வங்கியின் வீடியோ சரிபார்ப்பிலேயே நிற்கும். விசா ஸ்டிக்கரில் எப்படி வந்திருக்கிறதோ அப்படியே இன்சூரன்ஸ், வங்கி, பல்கலைக்கழகம், தபால்பெட்டி எல்லாவற்றிலும் எழுதுங்கள். விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, கையில் நேரமும் இருக்கிறது என்றால், பெயரைப் பிரித்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. ஆனால் உதவித்தொகைக் கடிதமும் அழைப்புக் கடிதமும் பழைய பெயரில் இருந்தால் அவற்றையும் மாற்றி வாங்கணும்.

வைகைக்கரை

நன்றி. விசாவுக்கு இன்னும் போடவில்லை, பாஸ்போர்ட்டை இந்த வாரமே பார்க்கிறேன். முடித்துக் கிளம்பும்போது இதேபோல் ஏதாவது உண்டா?

யாழ்_டோர்ட்மூண்ட்

உண்டு. பதிவை நீக்க வேண்டும்; வீட்டை விடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்து, விட்டு இரண்டு கிழமைக்குள். அந்தச் சான்றை வைத்துத்தான் காப்புறுதியையும் வானொலிக் கட்டணத்தையும் நிறுத்தலாம். சாவி கொடுக்கும்போது மீட்டர் எண்களும் சுவர், தரை நிலையும் எழுதிய ஒப்படைப்புத் தாளில் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் திரும்ப வர 3 முதல் 6 மாதம் கூட ஆகும், அதுவரைக்கும் ஜேர்மன் வங்கிக்கணக்கை மூடாதீர்கள்.