ருமேனியாவில் நீங்கள் எதிர்கொண்ட ருஷ்யச் சுவடு: மறக்க முடியாத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

பழம்புத்தகப்பித்தன்:
புக்கரெஸ்ட்டில் பழைய புத்தகம் விற்கும் பெரியவரிடம் 1950களின் பள்ளி இலக்கண நூல் ஒன்றை வாங்கினேன். பணம் பெற்ற பிறகும் நூலைக் கையில் தராமல், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அட்டையில் ‘ருமேனிய’ என்ற சொல்லின் நடுவே இருந்த தொப்பி போட்ட ‘ஐ’ (î) எழுத்தை அடித்து, மேலே தொப்பி போட்ட ‘ஏ’ (â) எழுத்தை எழுதினார். லத்தீன் வேரைக் காட்டும் அந்த ‘ஏ’யை, சோவியத் செல்வாக்கில் இருந்த ஆட்சியின் 1953ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் நீக்கியது. நாட்டின் பெயருக்கும் அதன் கிளைச் சொற்களுக்கும் 1965இல் அது திரும்பியது. மற்றச் சொற்கள் 1993 வரை காத்திருந்தன. பெரியவர் எதுவும் பேசவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

வழிப்போக்கன்:
எல்லாவற்றையும் ஸ்டாலின் காலத்தின் தலையில் கட்டுவதை ஏற்க முடியவில்லை. 1829 முதல் 1834 வரை, பின்னாளில் ருமேனியாவாக இணைந்த வலாக்கியாவையும் மொல்டாவியாவையும் நிர்வகித்தவர் ருஷ்யத் தளபதி கிசெல்யோவ். ஆட்சிமுறையை வரையறுத்த சட்டத்தொகுதி அவர் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது (1848இல் புரட்சியாளர்கள் அதைத் தெருவில் எரித்தார்கள் என்பது வேறு கதை). நிலப்பிரபுக்களின் வீடுகளுக்குள் பிரெஞ்சுப் பேச்சும் மேற்கத்திய நடனமும் நுழைந்ததில்கூட ருஷ்ய அதிகாரிகளுக்குப் பங்குண்டு. என்னை ஏற்றிச் சென்ற டாக்சி ஓட்டுநரோ, “1944இல் வந்து எங்கள் கைக்கடிகாரங்களைப் பறித்தார்கள், வேறென்ன செய்தார்கள்?” என்று கேட்டுக்கொண்டே கிசெலெஃப் சாலையில் திரும்பினார். அது யாருடைய பெயர் என்றேன். “யாரோ பிரெஞ்சுக்காரர்” என்றார். சாலையின் கோடியில், மாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் தம்பி போன்ற பத்திரிகை மாளிகை எங்களைப் பார்த்தபடி நின்றது.

மழைக்காகம்:
அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மையாரின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த ஊர் ‘ஸ்டாலின் நகரம்’ என்றிருந்தது. 1950 முதல் 1960 வரை பிராஷோவ் சுமந்த பெயர் அது. கண்ணாடிக்கு அப்பாலிருந்த இளம் எழுத்தர் சிரித்துவிட்டார். அம்மையார் சிரிக்காமல் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஆற்றுமீன்:
ஜனவரி 7 அன்று ஜுரிலோவ்காவில் ஒரு மீனவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில், “நீங்கள் ருஷ்யர்தானே?” என்று கேட்டேன், கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. அங்கே போகிறவர்கள் தயவுசெய்து இப்படிக் கேட்காதீர்கள். அந்த மீனவர் போன்ற லிப்போவான்கள் ருஷ்ய மொழி பேசுபவர்கள்தாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ருஷ்யத் திருச்சபையின் மறைமுதல்வர் நிக்கோன் கொண்டுவந்த வழிபாட்டு மாற்றங்களை ஏற்காமல், ருஷ்ய அரசின் கெடுபிடிக்குத் தப்பி டான்யூப் கழிமுகத்தில் ஒதுங்கியவர்களின் வழிவந்தவர்கள். ருஷ்யத் தாக்கம் என்றதும் தளபதிகளையும் மாளிகைகளையும் மட்டும் அடுக்கும் வழிப்போக்கன் இவர்களை மறந்துவிட்டார். அவர்களுடைய கோயிலுக்குள் செல்லும் பெண்கள் முக்காடிட்டுக்கொள்வது நல்லது. சிலுவை அடையாளத்தை மூன்று விரலால் இட்டுக் காட்ட வேண்டாம். இரண்டு விரலா மூன்று விரலா என்பதும் அந்தப் பிளவின் ஒரு காரணம். மீன் சூப்பை மறுக்காதீர்கள்.

பழம்புத்தகப்பித்தன்:
வழிப்போக்கன் அவர்களே, ஸ்டாலின் பெயரை நான் எழுதவேயில்லை. பென்சில் கோடு மங்கத் தொடங்கிவிட்டது. அதன்மேல் மையால் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.