'தகவலாளி முரண்பாடு' வேண்டாம், 'கூற்று வேறுபாடு' எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

ஒரே பிள்ளையைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் சொல்வது ஒத்துப்போகாமல் இருப்பதைக் குறிக்கும் 'இன்ஃபார்மன்ட் டிஸ்கிரிப்பன்சி'க்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் 'தகவலாளி முரண்பாடு', 'தகவலர் மாறுபாடு' என இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்கு நெருடுகின்றன. சிறார் மனச்சோர்வைப் பற்றி யார் எழுதினாலும் தேவைப்படும் சொல் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே பிள்ளையைப் பற்றித் தாயிடம் ஒரு படிவம், பிள்ளையிடம் ஒரு படிவம் கொடுக்கிறார்கள். "சரியாகச் சாப்பிடுவதில்லை, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, மதிப்பெண் இறங்கிவிட்டது" என்கிறார் அம்மா. பிள்ளையோ, "ராத்திரி தூக்கம் வரலை, நான் எதுக்கும் லாயக்கில்லை" என்கிறது. வீடே உறங்கிய பிறகு அது விழித்துக் கிடப்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? உளவியலாளர் அக்கென்பாக்கின் குழுவினர் 1987இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் தம்மைப் பற்றிச் சொன்னதற்கும் பிறர் அவர்களைப் பற்றிச் சொன்னதற்கும் இடையே சராசரி ஒட்டுறவுக் கெழு (முழுதும் ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) 0.22தான். தாயும் தந்தையும் போல ஒரே நிலையில் இருப்பவர்களிடையே 0.60. அடிதடி, சொல்பேச்சு கேளாமை போன்ற வெளியே தெரியும் சிக்கல்களில் ஒப்புமை கூடுதல். உள்ளுக்குள் புழுங்குவதில் குறைவு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'முரண்பாடு' என்றால் இருவரில் யாரோ பொய் சொல்கிறார் என்ற தொனி வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்காமல், அதையே ஒரு தகவலாக ஆராய வேண்டும் என்ற போக்கு உளவியலாளர்கள் டி லாஸ் ரேயஸும் காஸ்டினும் 2005இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வலுத்திருக்கிறது. அதற்கு நேரெதிராகப் போகிறது 'முரண்'. 'மாறுபாடு' ஏற்கெனவே பள்ளிப் புள்ளியியலில் 'மாறுபாட்டுக் கெழு'வாக இருக்கிறது. 'தகவலாளி' என்றதும் போலீசுக்குத் துப்புக் கொடுப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அம்மா தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று குமுறும் பதின்பருவப் பிள்ளையின் முன்னால் அந்தச் சொல்லைப் புழங்கவே கூடாது.

என் பரிந்துரை 'கூற்று வேறுபாடு'. அகப்பாடல்களைத் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்றுதானே பிரிக்கிறோம்? மகள் மெலிவதையும் வளை கழல்வதையும் தாய் காண்கிறாள். காரணம் தெரியாமல், முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். உள்ளே இருக்கும் காதல் தலைவிக்கும் தோழிக்கும்தான் தெரியும். தாய் கண்டதும் பொய்யில்லை. சொல்பவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதையும் சேர்த்தே சுமக்கும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது?

கிளைச்சொற்களும் எளிதாக வரும்: பிள்ளைக் கூற்று, பெற்றோர் கூற்று, ஆசிரியர் கூற்று, தற்கூற்று. சொல்பவர் 'கூற்றாளர்'. 'கூற்று' எமனையும் குறிக்குமே என்று சிலர் கேட்கலாம். தேர்வில் 'கூற்று, காரணம்' வினாவுக்கு விடையெழுதிய யாரும் இங்கே குழம்ப மாட்டார்கள்.

அப்புறம், இதோடு ஒட்டிய இன்னொன்று. தாயே மனச்சோர்வில் இருந்தால் பிள்ளையின் சிக்கல்களை மிகைப்படுத்திக் குறிப்பார் என்றொரு கருதுகோள் உண்டு. நெடுநாளாக விவாதத்தில் இருப்பது அது. அங்கே பிழை நேர்கிறது என்பதே வாதம் என்பதால் 'திரிபு' பொருந்தும். 'சோர்வுத் திரிபு' என்று வைக்கலாமா? மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.