பழைய மொறிஸ் மைனரின் பெயின்றை உரித்தெடுத்த அனுபவங்கள்

யாழ்ப்பாணம், கொக்குவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் தந்தையார் ஓட்டிய 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார், எங்கள் வீட்டுக் கொட்டிலில் பதினொரு ஆண்டுகள் அசையாமல் நின்றது. மாரி மழை முடிந்து, சோளகக் காற்று புழுதியைக் கிளப்பத் தொடங்குவதற்கு முன்னர் கிடைக்கும் மாசி, பங்குனி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை என்பதால், கடந்த மாசியில் அதனை வெளியே தள்ளி மாமர நிழலில் நிறுத்தினேன்.

பெயின்றில் கைவைப்பதற்கு முன்னர் உடல் முழுவதையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, கிறீஸ் நீக்கும் திரவத்தால் இரு தடவை துடைத்தேன். போரினால் பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அந்த எண்ணெய்ப் பசை பொன்னெற்றின் (இயந்திர மூடியின்) உட்புறத்திலும் மட்காட் ஓரங்களிலும் இன்னமும் படிந்திருந்தது. அதனை அகற்றாமல் தேய்த்தால் பசை தகரத்தின் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பின்னர் அடிக்கும் பெயின்ற் அந்த இடங்களில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

அடுத்து, கதவின் ஒரு மூலையை நாணய அளவுக்குத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மேலே, கெட்டியாக்கும் திரவம் சேர்த்து அடிக்கும் இரட்டைக் கலவை வெள்ளை, அதன் கீழ் சாம்பல் நிறப் பிறைமர் (அடிப்பூச்சு), பின்னர் தூரிகைக் கோடுகள் தெளிவாகத் தெரியும் நீல எனாமல், அதற்கடியில் கறுப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்சாலையில் அடித்த இளம்பச்சை. அந்த நீலம், கார்ப் பெயின்ற் வாங்க முடியாதிருந்த காலத்தில் தந்தையார் படலைக்கு வாங்கிய பெயின்றில் மிஞ்சியதைக் கொண்டு தாமே பூசியது. இந்த அடுக்குகளை முதலில் அறிந்துகொண்டதே எனக்குப் பெரும் உதவியாக இருந்தது, ஏனெனில் ஒவ்வோர் அடுக்கும், பெயின்றை இளக்கி எழுப்பும் மருந்தான பெயின்ற் றிமூவருக்கு வெவ்வேறு விதமாக வசப்படுகிறது. எனாமல் சில நிமிடங்களில் சுருங்கி எழும்பிவிடும். பழைய நைற்றோ செலுலோஸ் பெயின்ற் கூழாகக் கரைந்து வழியும். இரட்டைக் கலவையோ 80ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டாலன்றி மருந்தை உள்ளே விடாது.

றிமூவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். கடுமையாக வேலை செய்யும் பழைய வகைகளில் உள்ள டைகுளோரோமீதேன் ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால், எங்கள் ஊர் நண்பகல் வெயிலில் பூசிய சிறிது நேரத்திலேயே ஆவியாகிப் பயனற்றுப் போகிறது. ஆகவே விடியற்காலையில் தடிப்பாகப் பூசி, மேலே பொலித்தீன் தாளை ஒட்டி மூடி, அரை மணி நேரம் விட்டு வைத்தேன். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. பூட்டிய கராச்சின் தரையிலும் குழியிலும் தேங்கும். சுவாசித்தவரின் உடலுக்குள் அது காபனோரொட்சைட்டாக மாறுவதால், தலைச்சுற்று வந்த பின்னர் வெளியே ஓடலாம் என்று நினைப்பது ஆபத்தானது. மெல்லிய இறப்பர்க் கையுறையையும் அது ஊடுருவும். மருந்து பூசும்போது பேரப்பிள்ளைகளை வீட்டுக்கு வரவேண்டாம் என்றே சொல்லியிருந்தேன்.

அடியிலிருந்த பெயின்றுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், எஞ்சியவற்றை உலர்நிலையில் தேய்க்காமல் தண்ணீர் விட்டே தேய்த்தேன். வழிந்த சேற்றையும் உரித்த தோலையும் பழைய தகர டின்களில் சேர்த்து மூடினேன். நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கித் தேங்கும் நீர். வளவில் ஊற்றுவது கிணற்றைச் சென்றடைய அதிக காலம் எடுக்காது. இதனை ஒவ்வொரு கராச்சிலும் எழுதி ஒட்டவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் செய்த பெருந்தவறு பொன்னெற்றை, காற்றழுத்தத்தால் மணலை வீசி உரிக்கும் மணல் வீச்சுக்குக் கொடுத்தது. சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அலை அலையாக இருந்தது. ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைந்த தடிப்புள்ள தட்டையான தகரத்தின் ஒரு முகத்தை ஆயிரக்கணக்கான மணிகள் அடிக்கும்போது அந்த முகம் மட்டும் விரிந்து, தகரம் வளைந்துவிடுகிறது. அச்சுச்சட்டம் (சசி), சில்லு, கனமான தாங்கிகள் ஆகியவற்றுக்கு அம்முறை நன்று. பொன்னெற், கூரை, கதவு ஆகியவற்றுக்குக் கூடாது. டிங்கர் வேலை தெரிந்த ஒரு முதியவர் நான்கு நாட்கள் தட்டிச் சரிசெய்து தந்தார்.

இடது பின் மட்காட்டில் பள்ளம் நிரப்பப் பூசும் பசையான பட்டி பெருவிரல் தடிப்புக்கு இருந்தது. அதனைச் சுரண்டியபோது, ஷெல் துண்டு துளைத்த ஓட்டையொன்றும், அதன்மேல் றிவெற் அடித்திருந்த பிஸ்கட் டின் தகரமும் வெளிப்பட்டன. போரினால் யாழ்ப்பாணத்து மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு எங்கள் குடும்பத்தைக் கொண்டுபோன கார் இது. மைனரின் பின் மட்காட் ஆணிகளால் பூட்டப்பட்டது, இடைவெளியை மூட நடுவில் பீடிங் நாடா வைத்தது; கழற்றி வெட்டிப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வது கடினமாக இருக்கவில்லை. பிஸ்கட் டின் துண்டைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.

வேலணையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணை, தாங்கள் கிணற்றைப் பற்றி எழுதியதால் இதனைச் சேர்க்கிறேன். ஒஸ்ரின் ஏ40 காரொன்றை முழுமையாக உரித்து, எங்கள் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவித் துடைத்துப் பிறைமர் அடித்தேன். மூன்று மாதத்தில் கூரை முழுவதும் குண்டூசித் தலையளவுக் கொப்புளங்கள் எழுந்தன. தகரத்தில் காய்ந்து நின்ற உப்பு, பெயின்றுக்கு ஊடாக ஈரத்தை இழுத்துக்கொண்டதே காரணம். எல்லாவற்றையும் மீண்டும் உரித்தேன். இப்போது மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து, இறுதிக் கழுவலை அதனால் மட்டுமே செய்கிறேன். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் உள்ளவர்கள் இதனைத் தவறாமல் செய்யவேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின் கதவுகளைச் செலவு குறைவென்று கோஸ்ரிக் சோடாக் கரைசலில் ஊற வைத்தார்கள். உருக்குக்கு எதுவும் ஆகவில்லை. கழற்ற மறந்த அலுமினியப் பட்டி அரித்துப் போயிற்று. கதவின் அடிமடிப்புக்குள் ஒளிந்திருந்த சோடா, புதுப் பெயின்ற் அடித்த பின்னர் கசிந்து, விளிம்பு நெடுகத் தோலை எழுப்பியது. மடிப்புள்ள எதனையும் ஊற வைக்க வேண்டாம் என்று என் சகோதரர்களிடம் அன்றே சொன்னேன்.

கொக்குவிலிலிருந்து மீண்டும்:

வேலணைத் தம்பி சொன்னது எனக்குப் புதிய செய்தி; என் கிணறு நன்னீர்க் கிணறு என்பதால் அதைப்பற்றி யோசிக்கவே இல்லை. இனி நானும் மழைநீரையே பயன்படுத்துவேன்.

கார் முழுவதையும் ஒரே தடவையில் உரிக்கலாமா என்று தனிச்செய்தியில் சிலர் கேட்ட கேள்விக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். கார் முழுவதையும் ஒரேயடியாக உரித்துவிட்டு வெல்டிங்குக்குக் காத்திருப்பதை நான் விரும்பவில்லை. உப்புக்காற்று வீசும் இந்த ஊரில், மாலையில் வெறுமையாக விட்ட தகரம் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ஒரு நாளுக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டேன். காலையில் உரித்து, துருக்குழிகளில் பொஸ்பரிக் அமிலம் தடவி, நன்றாகக் கழுவி, வெயிலில் முற்றாக உலர்த்தி, கருக்கலுக்கு முன்னர் எப்பொக்சிப் பிறைமர் அடித்து மூடிவிடுவேன். அமிலத்தைக் கழுவாமல் அதன்மேல் எப்பொக்சி அடித்தால் ஒட்டாது. அவசரப்படுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பட்டி போடுவதானால் எப்பொக்சிக்கு மேல் போடலாம், தகரத்தை அமிலத்தால் சற்று அரித்துப் பிடிக்கும் எச்சிங் பிறைமருக்கு மேல் போடக்கூடாது.

தொழிற்சாலைப் பச்சை உறுதியாக ஒட்டியிருந்த கூரையின் உட்புறத்தை நான் உரிக்கவே இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிடித்து நிற்கும் பெயின்றைவிட நல்ல அடித்தளத்தை என்னால் அமைத்துவிட முடியாது. ஓட்டுநர் பக்கக் கதவும் அடிச் சட்டங்களும் மட்டும் மிச்சமிருக்கின்றன. மைனருக்குத் தனி அச்சுச்சட்டம் இல்லாததால் அந்த அடிச் சட்டங்களே காரைத் தாங்குகின்றன. அவற்றில் பூசிய தாரைச் சுரண்டும் வேலையைத் தை பிறந்ததும் தொடங்கவிருக்கிறேன்.