"மாறிப் பொருள்" வேண்டாம், "மதிப்புகாட்டி" எனலாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நிரல்களின் பிழைகளைக் கண்டறிய உதவும் ஜிடிபி வழுநீக்கி, பிற நிரல்களுடன் பேசப் பயன்படுத்தும் எம்ஐ இடைமுகத்தில் வரும் "வேரியபிள் ஆப்ஜெக்ட்" என்பதற்கு நீங்கள் முன்மொழிந்த "மாறிப் பொருள்" என்னும் சொல்லை இரண்டு நாள்களாகப் பல வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். மாறி (நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர்), பொருள் (ஆப்ஜெக்ட்) ஆகிய இரண்டும் தனித்தனியே நிலைபெற்ற சொற்களே; ஆயினும் சேர்ந்து நிற்கும்போது தடுமாற வைக்கின்றன. "மாறிப் பொருள் தருகிறது" என்று எழுதினால், அர்த்தம் மாறுகிறது என்றே முதலில் படிக்கத் தோன்றுகிறது. இதைவிடப் பெரிய குறை, நாம் பெயரிட முயல்வது மாறியையே என்று வாசகர் எண்ணிவிடுவது.

அது மாறி அன்று. மாறி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தில் இருக்கிறது. இதுவோ வழுநீக்கியின் பக்கத்தில் இருக்கிறது. ஈமாக்ஸ், எக்லிப்ஸ் போன்ற ஒரு முகப்பு (வழுநீக்கி தருவதைத் திரையில் காட்டும் நிரல்) "வார்-கிரியேட்" கட்டளையுடன் ஒரு கோவையை, அதாவது மதிப்பிடத்தக்க ஒரு தொடரை, அனுப்பும்போது (அது ஒரு மாறியாகவோ, இரு மாறிகளின் கூட்டலாகவோ, கணினியின் மையச் செயலிக்குள் மதிப்பைத் தாங்கும் பதிவகமாகவோ இருக்கலாம்), வழுநீக்கி அதற்கு ஒரு பெயரிட்டு, அதை எந்தச் சட்டகத்தில் (செயற்கூறு எனப்படும் நிரல்பகுதியின் ஒவ்வோர் அழைப்புக்கும் உரிய நினைவிடத்தில்) மதிப்பிட வேண்டும், பதின்மத்தில் காட்டுவதா பதினறுமத்தில் காட்டுவதா, கடைசியாக முகப்புக்குச் சொன்ன மதிப்பு என்ன என்பவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே இந்த அமைப்பின் உயிர். நிரல் ஒரு வரி நகர்ந்ததும் முகப்பு "வார்-அப்டேட்" என்று கேட்டால், முன்பு சொன்னதிலிருந்து மாறியவை மட்டுமே பதிலில் வருகின்றன. ஆயிரம் உறுப்புகளாக விரித்து வைத்த அணியில் ஓர் உறுப்பு மட்டும் மாறியிருந்தால், அந்த ஒன்றே வரும். முகப்பும் திரையில் அந்த ஓரிடத்தை மட்டும் திருத்திக்கொள்ளும்.

எனவே, "மதிப்புகாட்டி" என்று முன்மொழிகிறேன். திசைகாட்டி, நாள்காட்டி, வழிகாட்டி என நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொல்வரிசையில் இது இயல்பாக அமர்கிறது. மதிப்பைக் காட்டுவது என்னும் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. "மதிப்புக்காட்டி" என்று எழுதாமல் இருக்க வேண்டுகிறேன். பல உறுப்புகளைக் கொண்ட கட்டமைப்பு ஒன்றைக் காட்டும்போது மதிப்பின் இடத்தில் நெளிவு அடைப்புக்குள் மூன்று புள்ளிகள்தாமே வருகின்றன, அதை மதிப்பைக் காட்டுவதாகச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மையான மதிப்புகளை, உறுப்புக்கு ஒன்றாக அதன்கீழ் அமையும் சேய் மதிப்புகாட்டிகள் காட்டுகின்றன. தாயும் சேயுமாக அமைந்த அந்த மரம் முழுவதற்கும் இச்சொல் பொருந்துகிறது என்றே கருதுகிறேன்.

இதன் வகைப்பெயர்களில் ஆங்கிலச் சொல்லின் பின்னால் போகாமல், அது செய்யும் வேலையைப் பார்ப்பது நல்லது. "ஃப்ளோட்டிங்" என்பதை "மிதக்கும்" என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. தொடர்பெருக்கத்தை (5 × 4 × 3 × 2 × 1 போன்றதை) தன்னைத் தானே அழைத்துக் கணக்கிடும் ஒரு செயற்கூற்றை 5 என்ற எண்ணுடன் அழைத்ததாகக் கொள்வோம். முதல் அழைப்பின் சட்டகத்தில் பிணைத்த மதிப்புகாட்டி, எத்தனை அழைப்புகள் உள்ளே சென்றாலும் 5 என்றே காட்டும். "ஃப்ளோட்டிங்" எனப்படும் மற்ற வகையோ, நாம் நிற்கும் சட்டகத்தில் கோவையை மீண்டும் மதிப்பிட்டு 5, 4, 3 என்று நம்மோடு வரும். முன்னதை "பிணைத்த மதிப்புகாட்டி" என்றும் பின்னதை "உடன்செல் மதிப்புகாட்டி" என்றும் வழங்கலாம்.

"ஃப்ரோஸன்" என்பதற்கு "உறைந்த" என்று எழுதுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பொதுவான புதுப்பிப்பில் அதைத் தொடுவதில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பெயர் சொல்லி அதையே கேட்டால் புதிய மதிப்பைப் படித்துத் தரும். படித்தாலே நிலை மாறிவிடும் வன்பொருள் பதிவகங்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. "விலக்கிவைத்த" என்பது அதைச் சரியாகச் சொல்கிறது.

மதிப்புகாட்டியின் செல்லுபடியைச் சொல்லும் மூன்று நிலைகளுக்கு "செல்லும்", "தற்போது செல்லாது", "இனிச் செல்லாது" என்பவை போதும். செயற்கூற்றை விட்டு வெளியேறியதால் எல்லைக்கு அப்பால் போன கோவை மீண்டும் எல்லைக்குள் வரலாம். நிரலை மறுபடி தொகுத்ததால் (கம்பைல் செய்ததால்) செல்லாமல் போனதை முகப்பு நீக்கிவிடுவதே முறை. ஆங்கிலத்தில் "ஃபால்ஸ்", "இன்வேலிட்" என்று நிற்கும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. தமிழில் அந்தக் குழப்பத்திற்கு இடமே இல்லை.

சி++ நிரல்மொழியின் வகுப்புகளைக் காட்டும்போது, அந்த மரத்தில் "பப்ளிக்", "பிரைவேட்" என்று இடையில் தோன்றும் கணுக்களுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. அவற்றுக்குத் தமக்கென மதிப்பு இல்லை, உறுப்புகளைத் தொகுத்து வைப்பதே அவற்றின் வேலை என்பதால், சேய் என்று அழைக்க மனம் ஒப்பவில்லை. "தொகுப்புக் கணு" என்றால் ஏற்பீர்களா என்று எழுதுங்கள்.