குஞ்சு இறங்கிய நாளிலிருந்தே கொலிஸ்டின் பவுடர்: உலகத் தடை நம் பண்ணைக்கும் உண்டா?

மௌபி_பரண்கொட்டகை கேட்டது:

பர்மாவில் மௌபிப் பக்கம் குளத்துக்கு மேல் பரண் போட்ட கொட்டகை. ஒரு தடவைக்கு 2,000 பிராய்லர், கீழே ரோகுவும் திலாப்பியாவும். குஞ்சு இறங்கிய அன்றே தண்ணீரில் கலக்கச் சொல்லித் தீவனக் கடையில் ஒரு பவுடர் தருகிறார்கள். பாக்கெட்டில் சீன எழுத்து, உள்ளே கொலிஸ்டின் சல்ஃபேட் என்ற ஆன்டிபயாட்டிக். "கழிச்சலும் வராது, எடையும் ஏறும்" என்பது கடைக்காரர் வாக்கு. 18, 20 நாளில் தும்மலும் தொண்டையில் கொர்கொர் சத்தமும் வந்தால் அதையே இரட்டிப்பாக்கச் சொல்வார். அதற்கும் கேட்காவிட்டால் என்ரோஃப்ளாக்சசின் (என்ரோ) 10% என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக், இரண்டு லிட்டருக்கு ஒரு மில்லி.

கொலிஸ்டினை இந்தியாவிலும் சீனாவிலும் தடை செய்துவிட்டார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. உண்மையா? உண்மை என்றால் அந்தத் தடை எதற்கு: மருந்துக்கா, இப்படிக் கொடுப்பதற்கா? பவுடரை நிறுத்தினால் பதிலுக்கு என்ன?

---

ஊசியும்_தராசும் எழுதியது:

இரண்டு நாட்டுத் தடையும் ஒன்றல்ல. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழி, மீன், தீவனம் எல்லாவற்றுக்கும் கொலிஸ்டினையே மூடிவிட்டது. சீனா 2017-இல் வளர்ச்சிக்குத் தீவனத்தில் கலப்பதை மட்டும் நிறுத்தியது, வைத்தியத்துக்கு விட்டுவைத்தது. ஆக, சீன எழுத்துப் பாக்கெட் என்பதாலேயே அது கள்ளச்சரக்கு ஆகிவிடாது. ஆனால் "எடை ஏறும்" என்று சொல்லி விற்கும் வேலை சீனாவிலேயே செல்லாது.

ஏன் இந்த ஒரு மருந்துக்கு இத்தனை கெடுபிடி? மற்ற எதுவும் கேட்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுப்பது இதைத்தான். 2015 நவம்பரில் சீனப் பன்றிகளிலும் இறைச்சியிலும் கொலிஸ்டினுக்கு எதிர்ப்புத் தரும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவுகிற பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அதனால் கோழிக் குடலில் இருக்கும் சாது ஈ.கோலை பாக்டீரியா கூட எதிர்ப்பை ஊருக்கெல்லாம் பங்கு வைக்கும்.

தடை வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சீனப் பன்றிகளில் எடுத்த ஈ.கோலையில் கொலிஸ்டினுக்கு அடங்காதவை 2015–16-இல் 34%. தடைக்குப் பின் 2017–18-இல் 5.1%. கோழியில் 18.1% இருந்தது 5% ஆனது. இரண்டே வருஷத்தில்.

பாரிசில் இருக்கும் உலக விலங்கு சுகாதார அமைப்பு, அதாவது பழைய ஓஐஇ, யாருக்கும் சட்டம் போட முடியாது. பர்மா அதில் உறுப்பினர், அவ்வளவுதான். ஆனால் அது வெளியிடும் கால்நடை ஆன்டிபயாட்டிக் பட்டியல் உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. கொலிஸ்டின், ஃப்ளூரோகுயினோலோன் (உங்கள் என்ரோ இந்த ஜாதிதான்), மூன்றாம் நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின், இவற்றை நோய் அறிகுறி இல்லாத கூட்டத்துக்குத் தீவனத்திலோ தண்ணீரிலோ முன்தடுப்பாகக் கொடுக்கக் கூடாது. வைத்தியத்திலும் முதல் மருந்தாக எடுக்கக் கூடாது, எடுத்தால் காரணம் வேண்டும், முடிந்தவரை லேப் முடிவைப் பார்த்துத்தான். வளர்ச்சிக்கு என்றால் உடனே நிறுத்த வேண்டும். உங்கள் கடைக்காரர் சொல்லும் மூன்று உபயோகமும் இதில் அடிபடுகிறது.

---

லெகு_முட்டைக்கடை எழுதியது:

பாரிசில் உட்கார்ந்து பட்டியல் போடுவது சுலபம். பவுடரை நிறுத்திய முதல் பேட்சிலேயே குஞ்சு பொலபொலவென்று செத்தால் நஷ்டத்தை அவர்களா கட்டுவார்கள்? 2024 செப்டம்பரில் ஐ.நா. சபையில் உலகமே கூடியபோதும் கால்நடை ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்க ஒரு எண் போட முடியவில்லை. "குறிப்பிடத்தக்க அளவு குறைக்க முயல்வோம்" என்று முடித்துவிட்டார்கள். 2022-இல் மஸ்கட்டில் மட்டும் 2030-க்குள் 30 முதல் 50 சதவீதம் என்று எழுதினார்கள், அதுவும் விருப்பமுள்ள நாடுகள் கையெழுத்துப் போட்டது. இங்கே ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புக்குத் தேசியச் செயல்திட்டம் 2017–2022 என்று ஒன்று இருந்தது. கடைப் பலகையில் அதனால் என்ன மாறியது?

---

ஊசியும்_தராசும் எழுதியது:

லெகு அண்ணே, எண் இல்லாதது குறைதான். ஆனால் கோழி சாகும் என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கொலிஸ்டின் குடலிலிருந்து ரத்தத்துக்கு அநேகமாக ஏறவே ஏறாது. தும்மலும் கொர்கொர் சத்தமும் மூச்சுக்குழாயிலும் காற்றுப்பையிலும் வரும் சீக்கு. வாயில் ஊற்றின கொலிஸ்டின் அங்கே போய்ச் சேராது. இரட்டிப்பாக்கினாலும் அப்படியே எச்சத்தில்தான் இறங்கும். காசு குளத்துக்குள் போகிறது.

18–20 நாள் தும்மலுக்குப் பெரும்பாலும் பின்னணி மூன்றுதான். ராணிக்கெட் அல்லது ஐபி (கோழி மூச்சுக்குழாய் அழற்சி) வைரஸ், தடுப்பூசி சரியாகப் பிடிக்காதது, எச்சத்திலிருந்து எழும் அமோனியா. ஈ.கோலை இவற்றுக்குப் பின்னால் நுழையும் கூட்டாளி. வைரஸுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றும் செய்யாது. பரண் கொட்டகையில் அமோனியா குறைவு என்பார்கள். மழைக்காலத்தில் நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கிவிட்டால் அதுவும் போச்சு. கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் மேல்பக்கம் ஒரு முழமாவது திறந்து விடவேண்டும்.

தண்ணீரில் கொடுக்கும் தடுப்பு மருந்து (வாக்சின்) எங்கே கெடுகிறது என்று எங்கும் ஒரே கதை. தொட்டியில் குளோரின். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் முதலில் கலக்கி, பத்து இருபது நிமிஷம் விட்டு, அப்புறம் மருந்தை உடைக்க வேண்டும். அதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் நிறுத்தித் தாகம் ஏற்ற வேண்டும், வெயில் நாளில் ஒரு மணிக்கு மேல் வேண்டாம். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கணும். பதினோரு மணி வெயிலில் கொடுத்தால் மருந்து தொட்டியிலேயே செத்துவிடும், விடியற்காலைதான் சரி.

---

மௌபி_பரண்கொட்டகை கேட்டது:

காற்றும் தடுப்பு மருந்தும் சரி செய்தும் நிஜமாகவே ஈ.கோலை வந்துவிட்டால்? என்ரோவுக்கு இரண்டு லிட்டருக்கு ஒரு மில்லி என்ற கணக்காவது சரியா?

---

பெட்ரித்தட்டு எழுதியது:

அந்தக் கணக்கு ஒரு வயதுக்குப் பொருந்தும், இன்னொரு வயதுக்குக் காலை வாரும். மருந்தை லிட்டருக்கு அளக்காதீர்கள், எடைக்கு அளங்கள். என்ரோவுக்கு ஒரு கிலோ கோழிக்கு நாளுக்கு 10 மி.கி. 10% மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மி.கி.

20 நாளில் ஒரு கோழி 700 கிராம் என்றால் 2,000 கோழி 1,400 கிலோ. வேண்டியது 14 கிராம், அதாவது 140 மில்லி. அன்று ஏறத்தாழ 340 லிட்டர் குடிக்கும். இரண்டு லிட்டருக்கு ஒன்று போட்டால் 170 மில்லி, கொஞ்சம் கூடுதல். இதுவே 35 நாள், 2.2 கிலோ, நம் பர்மா வீசைக் கணக்கில் 1.35. மொத்தம் 4,400 கிலோ, வேண்டியது 440 மில்லி. குடிப்பது 660 லிட்டர், உள்ளே போவது 330 மில்லி. கால் பங்கு குறைவு. கிருமி சாகாமல் பழகுவது இந்தக் குறைந்த அளவில்தான். சீக்குக் கோழி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று: என்ரோ கரைசல் காரத் தன்மை உள்ளது. தண்ணீரில் ஏற்கெனவே அமிலமோ புளிப்பு விட்டமினோ இருந்தால் வெள்ளைத் துகளாகப் பிரிந்து தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அடைக்கும். டம்ளரில் கலந்து அரை மணி விட்டுப் பாருங்கள், மங்கினால் அந்தத் தண்ணீரில் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றால் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதோடு கட்டிப் பிடித்துப் பாதி வீணாகும். டியாமுலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கடையில் தள்ளிவிட்டால் முதலில் தீவனப் பையைப் படியுங்கள். ரத்தக்கழிச்சலுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் சாலினோமைசினோ மொனென்சினோ இருந்தால் சேர்க்கவே கூடாது, கோழி கால் இழுத்துச் சாகும். முட்டைக்கோழிக்கு என்ரோ கிடையாது. முட்டைக்கடை லெகு அண்ணனுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய லேப்பில் சென்சிடிவிட்டி டெஸ்ட் தேவை. அன்று காலையில் செத்த, இன்னும் மருந்து கொடுக்காத கோழி மூன்று முதல் ஐந்து. அப்படியே பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் போட்டால் வீண். அன்றைக்கே லேப்பில் சேரணும். மருந்து கொடுத்து மூன்றாம் நாள் அனுப்பினால் "வளர்ச்சி இல்லை" என்ற முடிவுதான் வரும், பலர் அதைக் கிருமியே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொலிஸ்டினுக்கு மட்டும் வட்டுப் பரிசோதனை (கிருமி வளர்த்த தட்டில் மருந்து வட்டு வைத்துப் பார்ப்பது) முடிவை நம்பாதீர்கள். அந்த மருந்து தட்டில் உள்ள அகார் கூழில் சரியாகப் பரவாது, வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் அளவு பொய் சொல்லும். திரவத்தில் படிப்படியாக நீர்த்துச் செய்யும் முறைதான் அதற்குச் செல்லும்.

---

சேறும்_வலையும் எழுதியது:

குளத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். கோழிக்குக் கொடுத்த மருந்தில் ஒரு பங்கு உருமாறாமல் எச்சத்தில் விழுகிறது. மீனுக்குத் தினமும் துளித்துளி, அதாவது பெட்ரித்தட்டு சொன்ன அதே குறைந்த அளவு. ஆக்சிடெட்ராசைக்ளின் சேற்றில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும்.

வைத்தியம் நடக்கும் நாட்களிலும் லேபிளில் போட்ட விலகல் நாட்களிலும் (மருந்து நிறுத்திய பின் விற்கக் கூடாத நாட்கள்) பரணுக்கு அடியில் தார்ப்பாய் கட்டி எச்சத்தைப் பிடியுங்கள். தார்ப்பாய் நடுவில் தொய்ந்தால் மழைத் தண்ணீர் சேர்ந்து மொத்தமும் ஒரேயடியாகக் குளத்தில் கவிழும், அதனால் ஒரு பக்கம் சாய்வாகக் கட்டி கரையில் இறக்குங்கள். பிடித்ததை உமியோடு குவித்து மூடினால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். டெட்ராசைக்ளின் இதில் பெரும்பாலும் அழியும், என்ரோ அவ்வளவு சுலபத்தில் அழியாது. அந்த எருவைக் குளத்துக்குத் திருப்பாதீர்கள், மரத்தடிக்குப் போடுங்கள். அந்த நாட்களில் வலையும் போட வேண்டாம்.

ஐரோப்பாவுக்குப் போகிற மீனாக இருந்தால் இது வெறும் நல்லெண்ணம் அல்ல. 2026 செப்டம்பர் 3 முதல், வளர்ச்சிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து வளர்த்த எதையும் அவர்கள் உள்ளே விடமாட்டார்கள், வெளிநாட்டுச் சரக்குக்கும் அதே விதி. உள்ளூர்ச் சந்தையில் கேட்பார் இல்லை என்பது வேறு விஷயம்.

---

மௌபி_பரண்கொட்டகை எழுதியது:

தார்ப்பாய் விலை விசாரித்தாயிற்று, இரண்டு பேட்ச் பவுடர் காசுக்குள் அடங்குகிறது. அடுத்த குஞ்சு இறங்குவதற்குள் கட்டிவிடலாம். பவுடர் இல்லாமல் முதல் வாரம் கழிச்சல் வந்தால் மட்டும் என்ன பார்ப்பது?

---

ஊசியும்_தராசும் எழுதியது:

முதலில் சூடு. முதல் நாள் குஞ்சு மட்டத்தில் 32–33 டிகிரி. குஞ்சு விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் வாய் திறந்து நின்றால் சூடு. குளிரில் கிடந்த குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டும், அதைக் கழிச்சல் என்று மருந்து ஊற்றுவார்கள். அப்புறம் தொப்புள்: பெட்டி வந்ததும் இருபது குஞ்சைத் திருப்பிப் பாருங்கள். கறுத்து ஈரமாக இருப்பவை நாலைந்து என்றால் கோளாறு பொரிப்பகத்தில் இருக்கிறது, பெட்டியோடு போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.