கலஞ்சோ செடி: இலை செழிப்பாக இருக்கிறது, எட்டு மாதமாக ஒரு மொட்டுகூட இல்லை. உதவி தேவை

திருவான்மியூர் பால்கனி (நவம்பர் 9)

வணக்கம். போன பொங்கலுக்கு முந்தின வாரம் நர்சரியில் ஒரு கலஞ்சோ வாங்கினேன். ஆரஞ்சு நிறம், நான்கு இதழ்ப் பூ, ஒரு கொத்திலேயே முப்பது நாற்பது பூ இருக்கும். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த நேரம் அது. கட்டிலிலிருந்து பார்த்தால் பால்கனி தெரியும் என்பதால் அங்கே வைத்தேன். மார்ச் முதல் வாரம் வரை பூத்தது. அதோடு சரி.

இப்போது செடி ஒரு முழ உயரம் வளர்ந்து சாய்கிறது. இலைகள் உள்ளங்கை அகலம். கணுவுக்குக் கணு இடைவெளி அதிகமாகிவிட்டது. அடி இலைகளில் மூன்று மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று இருக்கின்றன. இரண்டு இலைக்கக்கங்களில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கிழக்குப் பார்த்த பால்கனி, காலை பத்து மணி வரை வெயில் வரும். நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீர், மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். தினமும் காலையில் "மொட்டு வந்ததா?" என்று கேட்கிறார். என்ன தவறு செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

தாம்பரம் மாடித்தோட்டம் (நவம்பர் 9)

பூக்காத செடிக்கு மணிச்சத்து தேவை, சகோதரி. ஒரு தேக்கரண்டி டிஏபி உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றுங்கள். என் செம்பருத்தி அதற்குத்தான் பூத்தது.

ஓசூர் குடில் (நவம்பர் 10)

தயவுசெய்து டிஏபி கொடுக்காதீர்கள். செம்பருத்திக்குச் சரி, இதற்குச் சரியில்லை. அதில் தழைச்சத்தும் இருக்கிறது, இந்தச் செடியில் ஏற்கெனவே தேவைக்கு மேல் தழை இருக்கிறது. உள்ளங்கை அகல இலை என்றாலே தீனி மிஞ்சிவிட்டது என்று பொருள். மண்புழு உரத்தையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

நான் பசுமைக்குடிலில் தொட்டிச் செடி வளர்க்கும் வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். பதில் சொல்லுமுன் இரண்டு கேள்விகள். சூரியன் மறைந்த பிறகு அந்தச் செடியின் மேல் விளக்கு வெளிச்சம் விழுகிறதா? வாங்கிய பிறகு தொட்டி மாற்றினீர்களா?

திருவான்மியூர் பால்கனி (நவம்பர் 10)

ஐயா, தொட்டி மாற்றவில்லை. விளக்கு உண்டு. பால்கனியில் 9 வாட் எல்இடி பல்ப் ஒன்று இரவு முழுவதும் எரிகிறது. அம்மா எழுந்து நடக்கத் தொடங்கிய மார்ச் மாதத்தில் போட்டது. இரவில் அவர் கழிவறைக்குப் போகும்போது ஜன்னல் வழியாக வரும் அந்த வெளிச்சம்தான் துணை. செடி பல்புக்கு நேர் கீழே, நான்கடி தூரத்தில் இருக்கிறது. இதற்கும் பூவுக்கும் என்ன தொடர்பு?

ஓசூர் குடில் (நவம்பர் 10)

எல்லாத் தொடர்பும் உண்டு. கலஞ்சோ இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. செவ்வந்தியைப் போல, டிசம்பர் மாதத்தில் சிவக்கும் பாயின்செட்டியாவைப் போல இதுவும் குறும்பகல் செடி. நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத இருட்டு, அதுவும் ஆறு வாரம் தொடர்ந்து கிடைத்தால் அது தழையை விட்டுவிட்டு மொட்டுக்குத் திரும்பும். இடைவிடாத என்ற சொல்லைக் கவனியுங்கள். நடு இரவில் சில நிமிடம் வெளிச்சம் பட்டால்கூட அந்த நீண்ட இரவு அதன் கணக்கில் இரண்டு குட்டி இரவுகளாக உடைந்துவிடும். செடிகள் இப்படிப் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பதை அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலைச் செடியை வைத்து 1920இல் எழுதினார்கள். பிறகு இதே கலஞ்சோவை வைத்து ஏராளமான ஆய்வுகள் நடந்தன.

இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். 1932 வாக்கில் போட்ஸ்டாமில் விதை வியாபாரம் செய்த ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அறிவியல் பெயரில் அவர் பெயர்தான் இருக்கிறது.

சென்னைக் கணக்குக்கு வருகிறேன். ஜூன் மாதம் அங்கே பகல் 12 மணி 50 நிமிடத்தைத் தாண்டும். டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடத்துக்கு இறங்கும். ஆகவே ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பூக்காதது உங்கள் தவறே இல்லை, அந்த மாதங்களில் அது பூக்காது. இப்போதுதான் அதற்குக் காலம் கூடி வருகிறது. ஆனால் உங்கள் பால்கனியில் இன்னும் இரவே வரவில்லை. பல்பு இப்படியே எரிந்தால் இந்தப் பருவமும் போய்விடும்.

நாங்கள் குடிலில் மாலை ஐந்து மணிக்குக் கறுப்புத் துணியை இழுத்து மூடுவோம், காலை எட்டு மணிக்குத் திறப்போம். நீங்களும் அதையே செய்யலாம். அம்மாவின் விளக்கை அணைக்கவே வேண்டாம். செடியை மூடினால் போதும்.

தாம்பரம் மாடித்தோட்டம் (நவம்பர் 10)

இது எனக்குத் தெரியாத செய்தி ஐயா. டிஏபி சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் வீட்டுக் கலஞ்சோவும் தெருவிளக்கை ஒட்டித்தான் இருக்கிறது, இன்றே இடம் மாற்றுகிறேன்.

ஓசூர் குடில் (நவம்பர் 11)

மஞ்சள் இலையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேரின் நடுவில் நார்க்கழிவுக் கட்டி ஒன்று, பெரும்பாலும் ஒரு மெல்லிய வலைத்துணிக்குள் இருக்கும். நாற்று விடும்போது வைப்பது அது. மேல்மண் காய்ந்திருக்கும், அந்தக் கட்டி மட்டும் நாள்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். அடி இலை கொழகொழப்பது அதனால்தான். வலையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, செம்மண், ஆற்று மணல், நார்க்கழிவு மூன்றும் சம அளவு கலந்து நடுங்கள். பழைய தொட்டியே போதும், பெரிதாக்காதீர்கள். இனி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர். மழை நாளில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனாலும் கவலை வேண்டாம். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும் இனம் இது.

வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். வாரம் ஒரு முறை பாருங்கள், ஒரே நாளில் ஒழியாது.

பூனை வீடு (நவம்பர் 11)

இந்த இழையைப் படிப்பவர்களில் பூனை, நாய் வளர்ப்பவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை. கலஞ்சோ அவற்றுக்கு நஞ்சு, இதயத்தைப் பாதிக்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

திருவான்மியூர் பால்கனி (நவம்பர் 16)

நீங்கள் சொன்னபடியே வலை இருந்தது, ஐயா. முட்டை அளவுக் கட்டி. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது, அதன் அடியில் நான்கைந்து வேர் பழுப்பாகி அழுகியிருந்தது. வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நட்டேன். நீண்டு சாய்ந்த நுனிகளை நான்கு விரல் அளவுக்குக் கிள்ளி வைத்திருக்கிறேன்.

12ஆம் தேதியிலிருந்து அட்டைப்பெட்டியால் மூடினேன். நேற்றைய மழைச் சாரலில் பெட்டி ஊறிப் படுத்துவிட்டது. இப்போது 20 லிட்டர் வெள்ளைப் பெயின்ட் வாளியைக் கவிழ்த்திருக்கிறேன். சரிதானே?

ஓசூர் குடில் (நவம்பர் 16)

வெள்ளை வாளி வெளிச்சத்தை உள்ளே விடும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் எரியும் கைபேசியை வாளிக்குள் வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். வாளி முழுவதும் பளிச்சென்று தெரியும். மேலே கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள், அல்லது வெளிப்புறம் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். புழுக்கம் சேராமல் இருக்க, பல்புக்கு எதிர்ப்பக்க விளிம்பில் மட்டும் ஒரு விரல் கனத்தில் கட்டை வையுங்கள். இரவு வெப்பம் அதிகமானாலும் மொட்டு தள்ளிப்போகும். பகலில் மூடியை எடுக்க மட்டும் மறக்காதீர்கள், அந்த வெயில்தான் அதன் சாப்பாடு.

திருவான்மியூர் பால்கனி (நவம்பர் 16)

டார்ச் வைத்துப் பார்த்தேன். காகிதக் கூண்டு போல எரிந்தது! அம்மாவின் பழைய கறுப்புப் பாவாடையைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

திருவான்மியூர் பால்கனி (டிசம்பர் 29)

ஆறு வாரமும் ஐந்து நாளும் ஆகின்றன. இரண்டு நாள் மூட மறந்துவிட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. இன்று காலை வாளியை எடுத்தது அம்மா. இரண்டு வாரமாக அந்த வேலையை அவர்தான் செய்கிறார். காலை எட்டு மணிக்கு வாக்கரோடு பால்கனி வரை வந்துவிடுகிறார். நுனி இலை ஜோடிகளுக்கு நடுவே கடுகைவிடச் சிறிதாகப் பச்சை மணிகள் ஒட்டி ஒட்டித் தெரிகின்றன. புதுத் துளிரா, மொட்டா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓசூர் குடில் (டிசம்பர் 29)

துளிர் தட்டையாக, இரண்டு இரண்டாக எதிரெதிரே வரும். மணி மணியாகக் கொத்தாக வந்தால் மொட்டுதான். இரண்டு நாள் விட்டதற்குக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. இன்னும் ஒரு வாரம் மூடிவிட்டு நிறுத்திவிடலாம். மொட்டு உறுதியான பிறகு விளக்கு எரிந்தாலும் அது பின்வாங்காது. நிறம் காட்ட ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள்.

திருவான்மியூர் பால்கனி (பிப்ரவரி 8)

நேற்று முதல் பூ விரிந்தது. கொத்துகள் ஐந்து. மொட்டின் நுனியில் ஆரஞ்சு ஒரு ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்த்த நாளிலிருந்து அம்மா எண்ணிக்கொண்டே இருந்தார். இன்று காலை நான் எழுந்து வருவதற்குள் பதினொன்று என்று சொல்லிவிட்டார். இப்போது அவருக்கு இன்னொரு ஆசை, எதிர்வீட்டுக்கு ஒரு கன்று கொடுக்க வேண்டுமாம். ரணகள்ளி இலை போல இதன் இலையையும் போட்டுவைத்தால் குட்டி விடுமா, ஐயா?

ஓசூர் குடில் (பிப்ரவரி 8)

மிகுந்த மகிழ்ச்சி, அம்மாவிடம் சொல்லுங்கள். ரணகள்ளி இதற்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் இலை விளிம்பில் கன்று விடும் குணம் இதற்கு இல்லை. தண்டுதான் வேண்டும். இந்தப் பூ முடியட்டும். காய்ந்த கொத்துகளை வெட்டும்போது, பூவில்லாத நுனியில் மூன்று விரல் நீளம் எடுத்து அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். வெட்டிய வாய் ஆற இரண்டு நாள் நிழலில் வைத்து, பிறகு மணல் கலந்த மண்ணில் நட்டு, லேசான ஈரம் மட்டும் காட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். எதிர்வீட்டில் எந்தப் பக்கம் விளக்கு எரிகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.