மறுமொழி: ‘பொதுமக்கள் உள்ளீடு’ – வேறு சொல்?

> கட்டுரையில் ‘அமலாக்க முன்னுரிமைகள் மீதான பொதுமக்கள் உள்ளீடு’ என்று போட்டிருக்கிறேன். ஒட்டவில்லை.

ஐயா, வணக்கம்.

‘உள்ளீடு’ கணினிக்காரர்கள் கையில் போய்விட்ட சொல். ‘பொதுக்கருத்து’ என்றால் ஊரார் பொதுவாக நினைப்பது என்றாகிவிடும். ‘கருத்துக் கேட்பு’ செய்தித்தாளில் பழகியதுதான். ஆனால் அது கேட்பவர் செயல், சொல்பவர் செயல் அல்ல. அதோடு, ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா (NOAA), தன் அமலாக்க அலுவலகத்தைக் கொண்டு 30 லட்சம் சதுர மைலுக்கு மேற்பட்ட கடலைக் கண்காணிக்க வேண்டும். எல்லா மீறலையும் துரத்த ஆள் கிடையாது. எதை முதலில் பிடிப்பது என்பதே கேள்வி. அபராதம் கொடுமை என்று நியூ இங்கிலாந்து மீனவர்கள் குமுறிய பின், 2010 ஜனவரியில் அமெரிக்க வணிகத் துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கையும் நோவாவைக் குறை சொன்னது. ஆகஸ்டில் எல்லாத் தரப்பையும் வாஷிங்டனில் கூட்டிப் பேசினார்கள். பிறகு முன்னுரிமைப் பட்டியலை வரைவாக வெளியிட்டு, மக்களிடம் எழுத்தில் கருத்து வாங்கினார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வரைவுக்கு என்னென்ன வரும்? 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள், குறித்த பருவத்தில் திமிங்கிலப் பகுதிகளில் மணிக்கு 10 கடல் மைலைத் தாண்டக்கூடாது என்பது 2008 விதி. அதைக் கறாராகப் பாருங்கள் என்பார் ஒருவர். எங்களையே துரத்தாமல் திருட்டு மீன் இறக்குமதியைத் தடுங்கள் என்பார் படகுக்காரர். முன்னது யோசனை, பின்னது பாதி புகார். அதனால், நம் மீனவர் குறைதீர் கூட்டத்தை நினைத்து ‘குறை’ என்று போட முடியாது. அரசிதழின் ‘ஆட்சேபணைகளும் யோசனைகளும்’ இரண்டையும் தாங்கும், ஆனால் கலைச்சொல்லுக்கு நீளம்.

‘கருத்தளிப்பு’ எப்படி? கருத்தளிப்புக் காலம், கருத்தளித்தோர் என்று கிளைக்கவும் செய்யும்.

*

> ‘கருத்தளிப்பு’ எப்படி?

வாக்களிப்பின் சாயல் இருக்கிறதே! அதிகம் பேர் எழுதினால் அதுவே முடிவு என்று வாசகர் நினைக்கலாம். எத்தனை கடிதம் வந்தாலும் முடிவெடுப்பது அலுவலகம்தான். ‘கருத்துரை’ போதாதா?

*

‘கருத்துரை’ வலைப்பூவுக்குக் கீழே எழுதுவது ஆகிவிட்டது. என் கட்டுரையில் ‘கருத்தளிப்பு’ என்றே வைத்துக்கொள்கிறேன். முடிவு அலுவலகத்துடையது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். நோவாவின் அந்த அலுவலகத்தின் பெயரை ‘அமலாக்க’ என்று தொடங்கினால் நம்மவர்களுக்கு வீட்டுச் சோதனையும் பெட்டி பெட்டியாக ஆவணமும்தான் கண்ணுக்குத் தெரியும். ‘கடல்சார் சட்டக் காவல் பிரிவு’ என்று மாற்றியிருக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.